வாசல்படியிலிருந்து தெருவை அளப்பது

சென்னையில் கூவம் கரையிலோ பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலோ இருக்கும் பழைய குடிசைப் பகுதி ஒன்றின் சந்துக்குள் நடக்கும்போது கதவுகளைப் பாருங்கள். பல கதவுகளின் அடிப்பக்கத்தை ஒரு சாண் அளவுக்கு அறுத்து எடுத்திருப்பார்கள். நிலைப்படிக்கு முன்னால் செங்கல்லை நிறுத்தி, சிமென்ட் பூசி, அரையடி உயரத்துக்கு ஒரு வரம்பு கட்டியிருப்பார்கள். வரம்பைத் தாண்டி, தலையைக் குனிந்து, உள்ளே இறங்க வேண்டும். அந்த வீட்டைக் கட்டிய காலத்தில் தெருவிலிருந்து இரண்டு படி ஏறித்தான் உள்ளே போயிருப்பார்கள். வீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது, தெருதான் ஏறிவிட்டது.

புதிதாக சிமென்ட் சாலை வரும்போதெல்லாம் பழையதன் மேலேயே பத்துப் பதினைந்து செ.மீ. ஏற்றிப் போடுகிறார்கள். மூன்று தடவை போட்டால் ஓரடியிலிருந்து ஒன்றரை அடி. அதன்பிறகு மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க வீட்டுக்குள்தான். வீட்டுக்காரர் வட்டிக்கு வாங்கித் தரையை மேடாக்குவார். தரை உயர்ந்ததும் கதவு இடிக்கும், அறுப்பார். பிறகு ஃபேன் கையில் படுகிற உயரத்துக்கு வந்துவிடும். கூரையைத் தூக்கக் காசு இருக்காது. வெக்கையில் அதற்குள்தான் பிள்ளைகள் தூங்க வேண்டும். மேம்பாடு என்று வந்த ஒவ்வொரு சாலையும் அந்தக் குடும்பத்தின் தலையில் ஒரு செலவை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறது.

பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்கு போட வேண்டும், சாலை மட்டம் உயரக்கூடாது என்று 2021இல் தமிழ்நாட்டின் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். பெரிய சாலைகளில் அதற்கு இயந்திரம் இருக்கிறது. இரண்டு மீட்டர் அகலச் சந்துக்குள் அந்த இயந்திரம் நுழையாது. அங்கே பிரேக்கரும் கடப்பாரையும்தான். அறுபது மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், முப்பது செ.மீ. கனம் என்று வைத்தால் உடைக்க வேண்டியது 36 கன மீட்டர். உடைத்ததும் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகும். ஒரு தள்ளுவண்டியில் அறுபது லிட்டர் ரப்பீஷ் ஏறும் என்றால் மெயின் ரோடு வரை 900 நடை. வேலையின் செலவு மதிப்பீட்டில் இதற்குத் தனி வரி எழுதாமல் டெண்டர் விட்டால் எந்த ஒப்பந்ததாரரும் உடைக்க மாட்டார். ஆகவே முதல் வேலை மதிப்பீட்டைப் படிப்பது. "பழைய கான்கிரீட்டை உடைத்து அகற்றுதல்" என்ற வரி கன மீட்டர் கணக்கோடு இருக்கிறதா, அகற்றிக் கொண்டுபோகும் தூரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லாத மதிப்பீடு, தெரு உயரப்போகிறது என்பதற்கான எழுத்துபூர்வமான அறிவிப்பு.

இரண்டு மட்டங்கள்

குடிசைப் பகுதித் தெரு ஒன்றை எடுத்துக் கட்டும்போது முதலில் கண்டுபிடிக்க வேண்டியவை இரண்டே மட்டங்கள். அந்தச் சந்திலேயே தாழ்வான வாசல்படி ஒன்று. தண்ணீர் போய்ச் சேர வேண்டிய இடத்தின் மட்டம் இன்னொன்று. மழைநீருக்குப் பெரிய மழைநீர்க் கால்வாயின் அடி, கழிவுநீருக்கு மெயின் ரோட்டு மேன்ஹோலின் அடி. இவற்றுக்கு நடுவே கிடைக்கும் உயரம்தான் மொத்தக் கையிருப்பு. சாலையின் கனம், குழாய்க்கு மேலே மூடும் மண், குழாயின் விட்டம், நீளத்துக்கான வாட்டம் (சரிவு) எல்லாமே அந்தக் கையிருப்பிலிருந்துதான் செலவாகும். மேலே ஏற முடியாது, வீடு இருக்கிறது. கீழே இறங்க முடியாது, கால்வாய் இருக்கிறது.

இதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. கொத்தனார்கள் கையில் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். பதினைந்து மீட்டர் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், அதில் தண்ணீர், தெளிவாகத் தெரிய ஒரு சிட்டிகை நீலப்பொடி. தவறு நேர்வது காற்றுக்குமிழியால். குழாயின் நடுவில் கடலை அளவு குமிழி இருந்தாலும் மட்டம் பிசகும். எனவே வாளித் தண்ணீரை உயரத்தில் வைத்து, குழாய் வழியாக ஓடவிட்டே நிரப்ப வேண்டும். புனலில் ஊற்றினால் குமிழி நிச்சயம். நிரப்பியதும் இரண்டு நுனிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே கோட்டில் நின்றால் வேலையைத் தொடங்கலாம். இரண்டு நுனியும் திறந்திருக்க வேண்டும். கட்டைவிரல் வைத்து அடைத்தபடி நடந்துவிட்டு, அளக்கும்போது எடுக்க மறப்பது வழக்கமாக நடக்கிற பிழை.

சந்தின் முகப்பில் ஒரு சுவரில் காவிக்கோடு போட்டு, அதே மட்டத்தை வீடு வீடாகக் கடத்திக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் கோட்டிலிருந்து படி எவ்வளவு கீழே என்று டேப்பில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். கடைசி வீட்டை முடித்துவிட்டு எதிர்வரிசை வழியாகத் திரும்பி, தொடங்கிய கோட்டுக்கே வந்து சேர வேண்டும். வித்தியாசம் ஒரு செ.மீ.க்குள் இருந்தால் நம்பலாம், மேலே போனால் திரும்ப அளக்க வேண்டும். நாற்பது வீட்டுச் சந்துக்கு ஒரு காலைப் பொழுது ஆகும். அளக்கும்போது வீட்டிலிருக்கும் பெண்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது, 2023 மிக்ஜாம் புயலில் எதுவரை? சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். அதையும் அதே கோட்டிலிருந்து அளந்து எழுதுங்கள். எந்த வரைபடத்திலும் கிடைக்காத தகவல் அது.

இப்போது கணக்கு. அறுபது மீட்டர் நீளச் சந்து, இரண்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் முகப்புள்ள வீடுகள் பக்கத்துக்கு இருபது. தாழ்வான வாசல்படியைப் பூஜ்ஜியம் என்று வைப்போம். தெருவின் மேல்மட்டம் அதிலிருந்து குறைந்தது 15 செ.மீ. கீழே நிற்க வேண்டும். சந்தின் நடுவில் மூடிபோட்ட மழைநீர்க் கால்வாய், ஒரு பக்கம் கழிவுநீர்க் குழாய், மறுபக்கம் குடிநீர்க் குழாய். கால்வாய் மூடி 7.5 செ.மீ. கனம். உள்கோடியில் கால்வாயின் ஆழம் ஒரு சாண் கூட வேண்டாம், 12 அல்லது 13 செ.மீ. போதும், ஏனென்றால் அங்கே சேர்கிற தண்ணீர் குறைவு. ஆக உள்கோடியில் கால்வாய் அடி, வாசல்படிக்கு 35 செ.மீ. கீழே. இருநூறுக்கு ஒன்று வாட்டம் கொடுத்தால் அறுபது மீட்டரில் 30 செ.மீ. இறங்கும். முகப்பில் கால்வாய் அடி 65 செ.மீ. ஆழத்தில் இருக்கும். பெரிய கால்வாயின் அடி இதைவிடத் தாழ்வாக இருந்தால்தான் தண்ணீர் வெளியேறும்.

கழிவுநீர்க் குழாய் 160 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். எதிர்ப்பக்க வீடுகளின் 110 மி.மீ. இணைப்புக் குழாய் இந்த மழைநீர்க் கால்வாயின் அடித்தளத்துக்குக் கீழே புகுந்து வர வேண்டும். பல வரைபடங்கள் உதை வாங்குவது இந்த இடத்தில்தான். கால்வாயை ஆரம்பத்திலிருந்தே ஒன்றேகால் அடி ஆழத்துக்கு வெட்டிவிட்டால், இணைப்புக் குழாய் அதற்கும் கீழே போக வேண்டியிருக்கும். கழிவுநீர்க் குழாய் இன்னும் ஆழமாகும், மேன்ஹோலின் அடியைத் தாண்டிவிடும். நம் கணக்கில் உள்கோடியில் கால்வாயின் அடித்தளக் கான்கிரீட் 43 செ.மீ.யில் முடிகிறது, இணைப்புக் குழாய் அதன் கீழே 56இல் வருகிறது, கழிவுநீர்க் குழாயின் அடி 66இல் காத்திருக்கிறது. முகப்பில் மேன்ஹோல் அடி ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்தால் குழாய்க்குக் கிடைக்கும் இறக்கம் 34 செ.மீ., அதாவது 176க்கு ஒன்று. போதும். ஒப்பந்ததாரர் ஐந்து செ.மீ. தெருவை ஏற்றினாலோ, மேன்ஹோல் பத்து செ.மீ. மேடாக இருந்தாலோ இந்தக் கணக்கு உடைந்துவிடும். அப்போது செய்யக்கூடியது மெயின் ரோட்டு இணைப்பை அடுத்த மேன்ஹோலுக்கு மாற்றுவது, அல்லது சில சந்துகளைச் சேர்த்து ஒரு சேகரிப்புக் கிணறும் பம்பும் வைப்பது. பம்ப் வைத்தால் மின்கட்டணம், ஆள், ரிப்பேர் எல்லாம் கூடவே வரும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டும்.

ஆழம் குறைவான, மெல்லிய குழாய்களாலும் கழிவுநீரைக் கொண்டுபோக முடியும் என்பதைப் பிரேசிலின் நாத்தால் நகரில் 1980களின் தொடக்கத்தில் பொறியாளர் ஜோசே கார்லோஸ் தெ மெலோ செய்து காட்டினார். 100 மி.மீ. குழாய், 200க்கு ஒன்று வாட்டம், நடைபாதைக்கும் கொல்லைக்கும் அடியில் சிறு ஆழத்தில். லாரி ஏறாத இடத்தில் லாரிக்கான ஆழம் எதற்கு என்பதுதான் அவருடைய கேள்வி. இந்தியக் கையேடுகள் 150 மி.மீ.க்குக் குறையவிடுவதில்லை. அது இருக்கட்டும், ஆழத்தைக் குறைக்கும் பாடத்தையாவது நாம் எடுத்துக்கொள்ளலாம்.

தோண்டுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இந்த வீடுகளின் சுவர்களுக்கு அஸ்திவாரம் ஒன்றரை அடி இருந்தாலே பெரிது. அதை ஒட்டி மூன்றடி பள்ளம் தோண்டி மழையில் விட்டுவைத்தால் சுவர் சரியும். அஸ்திவாரத்தின் அடியைவிட எவ்வளவு ஆழம் போகிறோமோ, சுவரிலிருந்து அவ்வளவாவது தள்ளியிருக்க வேண்டும். நம் சந்தில் அது சுமார் 40 செ.மீ. ஒரு நாளில் எவ்வளவு குழாய் பதித்து மூட முடியுமோ அவ்வளவுதான் தோண்ட வேண்டும்; ஒரு குழாய் நீளம் ஆறு மீட்டர், ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று. சந்து முழுவதையும் ஒரே நாளில் ஜே.சி.பி. வைத்துக் கிளறிப்போடுவதைத் தெருக்காரர்கள் தடுத்து நிறுத்த வேண்டும். கர்ப்பிணிகளும் முதியவர்களும் வாரக்கணக்கில் பலகை மேல் நடப்பது சின்ன விஷயமல்ல.

கால்வாய் ஏன் தோற்கிறது

அதே சந்துக்கு மழைக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். நாற்பது வீட்டுக் கூரை, வீட்டுக்கு 20 சதுர மீட்டர். தெருவோடு சேர்த்து 920 சதுர மீட்டர். மணிக்கு 50 மி.மீ. என்ற கனமழையில் இது நொடிக்கு 13 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. முப்பது செ.மீ. அகலக் கால்வாயில், 200க்கு ஒன்று வாட்டத்தில், 20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஓடினால் நொடிக்கு ஐம்பது லிட்டருக்கு மேல் போகும். நான்கு மடங்கு இடம் இருக்கிறது. பிறகும் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்றால், கால்வாய் சிறிது என்று சொல்லி அகலப்படுத்துவதில் பயனில்லை.

பெரும்பாலும் காரணம் சந்துக் கால்வாயிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் இருக்கும். பெரிய கால்வாயின் தண்ணீர் மட்டம் மழை நேரத்தில் சந்துக் கால்வாயின் அடியைவிட உயரமாக நின்றால் தண்ணீர் பின்னோக்கி வரும். கடலோரக் குப்பங்களில் ஓதம் ஏறும் நேரத்திலும் இதுவே நடக்கும். மே மாதத்தில் காய்ந்து கிடக்கும் கால்வாயைப் பார்த்து மட்டம் குறித்தவர்கள் ஏமாறுவது இதில்தான். ஐப்பசி அடைமழையில் ஒரு தடவை போய், பெரிய கால்வாயில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அளக்க வேண்டும். வெளியேறும் இடத்தில் ஒருவழி மூடி பொருத்தலாம், ஆனால் அதில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கினாலும் மூடாது. மழைக்கு முன்னும் மழைக்கு நடுவிலும் கையால் அசைத்துப் பார்க்க ஆள் வேண்டும்.

அடுத்தது மூடிகள். ஒரு மீட்டர் நீள ஸ்லாப் போட்டால் எண்பது கிலோவைத் தாண்டும். அதை யாரும் தூக்கிச் சுத்தம் செய்ய மாட்டார்கள். 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளம், 7.5 செ.மீ. கனம் என்றால் ஐம்பது கிலோ, இரண்டு பேர் கொக்கி போட்டுத் தூக்கலாம். கொக்கிக்கான துளை வார்க்கும்போதே வைக்க வேண்டும். சிமென்ட் கலவை வைத்து மூடியை நிரந்தரமாக ஒட்டிவிடுவது அந்தக் கால்வாயைப் புதைப்பதற்குச் சமம். தூர் வாரிய மண்ணைப் பக்கத்திலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். வாரிய அன்றே சாக்கில் கட்டி வெளியே போக வேண்டும்.

வாசலில் பாத்திரம் தேய்க்கிற தண்ணீரில் சோற்றுப் பருக்கை, மணல், எண்ணெய் எல்லாம் வரும். வீட்டுக்கு வீடு 30 செ.மீ. சதுரத்தில் ஒரு சிறு தொட்டி, மேலே சல்லடை, வெளியேறும் குழாய் அடியிலிருந்து பத்து செ.மீ. உயரத்தில். அடியில் தங்குவதை வாரம் ஒரு தடவை கரண்டியால் அள்ளிவிடலாம். இந்த ஒரு தொட்டிக்காகச் செலவிடும் பணம், பின்னால் அடைப்பெடுக்கும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கழிவுநீர்க் குழாயில் சேம்பர்கள், அதாவது மூடியைத் திறந்து அடைப்பெடுக்கும் சிறு தொட்டிகள், ஒவ்வொரு திருப்பத்திலும் இணைப்பிலும் வர வேண்டும், நேர் ஓட்டத்தில் இருபது மீட்டருக்கு ஒன்று. தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் லாரி சந்துக்குள் வராது, கம்பி விட்டுத்தான் அடைப்பெடுக்க முடியும். கம்பி எட்டுகிற தூரம் அவ்வளவுதான். சேம்பரின் உட்புறம் 45 செ.மீ. சதுரம் போதும், மேலே நின்றபடியே வேலை பார்க்கலாம். மனிதர் இறங்குகிற அளவுக்குப் பெரிதாகக் கட்டினால் யாராவது ஒருவரை இறக்கிவிடுவார்கள். கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அப்படி இறக்குவதைத் தடை செய்கிறது. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 2014இல் 10 லட்சம் என்றும், 2023 அக்டோபரில் 30 லட்சம் என்றும் உச்ச நீதிமன்றம் இழப்பீடு விதித்தது. இறங்கவே முடியாத அளவில் கட்டுவது நம் கையில் இருக்கிறது, அதைச் செய்துவிட வேண்டும். சேம்பரின் அடியைத் தட்டையாக விடக்கூடாது. குழாயின் பாதி வட்டத்தைத் தொடர்ந்து கான்கிரீட்டில் வாய்க்கால் பிடித்து, இருபுறமும் சரிவாகப் பூச வேண்டும். தட்டையாக விட்ட சேம்பரில் மலம் தங்கி, காய்ந்து, மூன்றே மாதத்தில் அடைக்கும்.

பதித்த குழாயைச் சோதிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒரு சேம்பரில் டார்ச் லைட் அடித்து, அடுத்ததில் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் முழு வட்டம் தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால் குழாய் நடுவில் தொய்ந்திருக்கிறது. இன்னொன்று, குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றே சிறிய வழவழப்பான பந்தை மேல்கோடியில் விட்டுத் தண்ணீர் ஊற்றுவது. கீழ்க்கோடியில் பந்து வரவில்லையென்றால் உள்ளே கலவை வழிந்து உறைந்திருக்கிறது. இரண்டையும் மண் மூடுவதற்கு முன்னால், தெருக்காரர்கள் கண்முன்னே செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உரிமை இருக்கிறது.

எல்லா வீடுகளும் ஒரே வாரத்தில் இணைப்பு வாங்குவதும் அவசியம். பத்து வீடு மட்டும் இணைந்த குழாயில் ஓட்டம் போதாமல் கசடு தங்கிவிடும். இந்தூரில் பொறியாளர் ஹிமான்ஷு பாரிக் வடிவமைத்த குடிசைப் பகுதி வலைப்பின்னல் திட்டம் 1998இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. தெருவை வீட்டுத் தளத்தைவிடத் தாழ்த்தி, தெருவையே மழைநீர் வழியாக்கிய அருமையான யோசனை அது. பிற்காலத்தில் அங்கும் பல இடங்களில் கழிவுநீர்க் குழாய்கள் அடைத்துக்கொண்டன. போதிய தண்ணீர் வராததும், இணைப்புகள் குறைந்ததும், பராமரிப்புக்கு ஆள் இல்லாததும் காரணங்கள். தண்ணீர் வராத தெருவுக்குக் கழிவுநீர்க் குழாய் மட்டும் போடுவது பாதி வேலை.

தண்ணீர்

1972இல் மத்திய அரசு தொடங்கிய குடிசைப் பகுதிச் சுற்றுச்சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் அளவுகோல்: 150 பேருக்கு ஒரு குழாய், 20 முதல் 50 பேருக்கு ஒரு கழிப்பறை, 30 மீட்டருக்கு ஒரு விளக்குக் கம்பம். தாளில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஓர் ஆளுக்கு நாளுக்கு 40 லிட்டர் என்றால் 150 பேருக்கு 6,000 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் 400 குடம். குழாய் நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டினாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் ஓட வேண்டும். தண்ணீர் வருவதோ ஒன்று இரண்டு மணி நேரம். மிச்சத்தைச் சண்டையும் ராத்திரித் தூக்கமும் ஈடுகட்டுகின்றன. ஐம்பது பேருக்கு ஒரு கழிப்பறை என்றால் ஆளுக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் நாலு மணி நேரத்துக்கு மேல். அத்தனை பேருக்கும் அவசரம் காலை ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில். பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை என்ற கட்டத்தோடு நின்றுவிடக் கூடாது, வீட்டுக்கு வீடு இணைப்பு வரை போக வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அதுவரை பொதுக் குழாய் இருக்குமானால், குழாய் வாய்க்கும் மேடைக்கும் நடுவே குடம் நிற்கும் உயரமாவது, 50 செ.மீ., இருக்கட்டும். சுற்றிலும் ஒன்றரை மீட்டருக்கு வாட்டத்தோடு தளம் போட்டுக் கால்வாயில் சேர்க்க வேண்டும். தளம் இல்லாத குழாயடி ஒரு மாதத்தில் கொசுக் குட்டை.

குடிநீர்க் குழாயைக் கால்வாய்க்குள் ஓட்டுவதுதான் இந்தச் சந்துகளில் காணும் மிகக் கொடிய தவறு. தண்ணீர் விட்டுவிட்டு வருகிற ஊரில், வரத்து நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடும். யாராவது அடி பம்பை அடித்தாலோ மோட்டார் போட்டாலோ, தளர்ந்த இணைப்பு வழியாகச் சாக்கடை நீர் உள்ளே உறிஞ்சப்படும். வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் வருவது அப்படி. குழாய் எதிர்ப்பக்கத்தில், கழிவுநீர் இணைப்புகளுக்கு மேலே போக வேண்டும். கால்வாயைக் கடந்தே தீர வேண்டிய இடத்தில் இன்னொரு பெரிய குழாயை உறையாக மாட்டி, இணைப்பு எதுவும் அந்த உறைக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேல்தளம்

தெருவின் மேல்தளம் கடைசி வேலை. குழாய், கால்வாய், மின்கேபிள் எல்லாம் முடிந்து, மூடிய மண் இறுகிய பிறகு. சென்னையில் தை முதல் ஆடி வரை இதற்கான காலம். நிதியாண்டுக் குழப்பத்தில் வேலை புரட்டாசியில் தொடங்கினால், பள்ளம் திறந்தபடியே மழையைப் பிடித்துக்கொள்ளும்.

சிமென்ட் தளமா, பேவர் பிளாக்கா என்று கேட்பார்கள். அடிக்கடி தோண்டும் சந்துக்கு பேவர் நல்லது. எடுத்து, வேலையை முடித்து, அதே கல்லைத் திரும்ப அடுக்கலாம். நடைக்கும் டூவீலருக்கும் 60 மி.மீ. கல், ஆட்டோவும் வேனும் வந்தால் 80 மி.மீ. கீழே மூன்று நான்கு செ.மீ. மணல் மெத்தை. ஓரத்தில் கான்கிரீட் கட்டை இல்லாமல் போட்டால் கற்கள் விலகும். பக்கத்துக் கால்வாய்ச் சுவரில் ஓட்டை இருந்தால் மணல் அதன் வழியே கழன்றுபோய்த் தளம் குழிந்துவிடும். பேவர் குழிந்த இடத்தில் மேலே மண் கொட்டிப் பயனில்லை, கால்வாய்ச் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

சிமென்ட் என்றால் 10 செ.மீ. கனத்தில் நம் சந்துக்கு 12 கன மீட்டர், சுமார் நூறு மூட்டை. நடுக் கால்வாயின் அகலம் கழித்தால் இன்னும் குறையும். எம்-20 என்ற தரத்துக் கான்கிரீட் கலவையில் மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீருக்கு மேல் ஊற்றக்கூடாது. சந்து நீளம், சட்டியில் சுமந்து வர வேண்டும், கலவை இறுகுகிறது என்று மேஸ்திரி இன்னொரு வாளி ஊற்றச் சொல்வார். அந்த வாளி தெருவின் ஆயுளைப் பாதியாக்கும். மிக்ஸரைச் சந்து முகப்பிலேயே நிறுத்தாமல், நுழையும் சிறிய மிக்ஸரை உள்ளே கொண்டுபோய், நடையைக் குறைப்பதுதான் வழி. இரண்டரை முதல் மூன்று மீட்டருக்கு ஒரு வெட்டு, கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு. நாம் வெட்டாவிட்டால் கான்கிரீட் தானே விரும்பிய இடத்தில் வெடித்துக்கொள்ளும். நடுவில் கால்வாய் இருப்பதால் ஒரு பக்கம் போட்டு முடித்து, மறுபக்கத்தில் ஆட்களை நடக்க விடலாம். பத்து நாள் சாக்கு நனைத்துப் போட வேண்டும். வாட்டம் கால்வாயை நோக்கி, ஐம்பதுக்கு ஒன்று. சுவர் பக்கம் தண்ணீர் சாயவே கூடாது.

தெரு தாழ்ந்ததும் வீட்டுக்குப் படி தேவைப்படும். ஆளாளுக்கு ஓரடி படி கட்டினால் இரண்டு மீட்டர் சந்து ஒன்றே முக்கால் முழமாகச் சுருங்கிவிடும் என்று பயப்படுவோர் உண்டு. சரியான கணக்கு 1.4 மீட்டர். ஸ்ட்ரெச்சர் போகும், எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமிருக்காது. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஏறும் படியோ, வாசலுக்குள் அடங்கும் படியோ எந்த வீட்டுக்கு எது என்று வேலை தொடங்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். விளக்குக்குக் கம்பம் நட்டு இடத்தை அடைக்காமல் சுவரில் பிராக்கெட் அடிக்கலாம். முதல் விளக்கு கழிப்பறைக்குப் போகும் திருப்பத்தில்.

யார் தெரு

பாகிஸ்தானில் கராச்சியின் ஒரங்கிக் குடியிருப்பில் 1980இல் சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய வேலையில் இருபது முதல் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு சந்துதான் அலகு. சந்துக்கு ஒரு பொறுப்பாளர். வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் செலவில், பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. தொடக்கத்தில் கலவையில் அதிகத் தண்ணீர், நனைக்காத கான்கிரீட் என்று கெட்டுப்போன வேலைகளைப் பார்த்து, சேம்பருக்கு இரும்பு அச்சு கொடுத்துப் பயிற்சியும் தந்தார்கள். பணத்தை மக்கள் தலையில் வைக்கும் பகுதியை நான் ஏற்கவில்லை. பணக்காரத் தெருவுக்கு இலவசமாகப் போகும் குழாய்க்கு இவர்கள் ஏன் காசு தர வேண்டும்? சந்தை அலகாக எடுத்ததையும், அளவும் கணக்கும் சந்துக்காரர் கையில் இருந்ததையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன, 1985இல் மேலும் 17. அறிவிக்கப்படாத பகுதிக்குத் தெருவோ குழாயோ கேட்டால் "புறம்போக்கு" என்ற ஒரு சொல்லில் கோப்பு மூடப்படும். 1977இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம், இருக்கிற இடத்திலேயே தெருவும் தண்ணீரும் கொடுத்து மனைக்கு உரிமையும் தரும் வழியை இங்கே நடத்திக் காட்டியிருக்கிறது. ஒடிசா 2017இல் குடிசைவாசிகளுக்கு நில உரிமைச் சட்டமே கொண்டுவந்தது. நாம் சென்னையின் விளிம்பில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்களை ஏற்றி அனுப்பினோம். பத்துப் பாத்திரம் தேய்க்கும் வேலைக்கு அங்கிருந்து பஸ் ஏறி வருகிறவர்களின் விடியற்காலைகளை எந்த மதிப்பீட்டிலும் யாரும் எழுதவில்லை.

பட்டா வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை உண்டு. தெருவுக்குப் பெயர்ப்பலகை, வீட்டுக்குக் கதவு எண், இரண்டும் மாநகராட்சிப் பதிவேட்டில். கடிதம், ரேஷன் அட்டை, பள்ளிச் சேர்க்கை, ஆம்புலன்ஸ் எல்லாம் அந்த எண்ணைத் தேடித்தான் வரும்.

வேலை முடிந்ததும் ஒப்பந்ததாரரிடம் ஒரு தாள் வாங்கிச் சந்தில் யாராவது ஒருவர் பீரோவில் வைத்துக்கொள்ள வேண்டும்: குழாய் எந்தப் பக்கம், சுவரிலிருந்து எவ்வளவு தூரம், சேம்பருக்குச் சேம்பர் எவ்வளவு ஆழம், குடிநீர் வால்வு எங்கே. முதலில் சுவரில் போட்ட காவிக்கோட்டை அழிக்க வேண்டாம். முகப்பிலும் நடுவிலும் உள்கோடியிலும் மூன்று இடங்களில் அதைப் பெயின்டால் அழுத்தி எழுதி, "இங்கிருந்து தெரு இத்தனை செ.மீ. கீழே" என்று எண்ணோடு போட்டுவையுங்கள். பத்து ஆண்டு கழித்து அடுத்த சாலைக்கு ஜல்லி வந்து இறங்கும் நாளில், டேப்பை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டடியில் போய் நிற்கலாம்.